சுவருக்கும் காதுண்டு, அக்காதுக்கும் சட்டமுண்டு

தொலைபேசியில் முழு வசனம் பேசிப் பழகாதவர்கள் நாம். போர்க் காலத்தில் ஊரிலிருந்து அழைப்பு வரும்போது "அங்கை மழை எப்பிடி?" என்று கேட்டால், அது வானிலை பற்றிய கேள்வியன்று, செல் வீச்சு ஓய்ந்துவிட்டதா என்பதே அதன் பொருள். "பெரியவருக்குச் சுகமில்லை" என்றால் யாரோ பிடிபட்டுவிட்டார் என்று விளங்கிக்கொள்வோம். 2009ஆம் ஆண்டின் முற்பகுதியில் என் தாயார் எடுத்த ஒவ்வோர் அழைப்பும் ஒரே வசனத்தில் முடிந்தது: "மிச்சத்தை நேரில காணேக்கை கதைப்பம், தம்பி." நேரில் காண வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். இடையில் 'டிக்' என்று ஒரு சிறு ஓசை கேட்டால் போதும், இருவரும் மௌனமாகிவிடுவோம்.

அந்தப் பழக்கம் கடவுச்சீட்டு இல்லாமலேயே எல்லைகளைக் கடந்து நம்மோடு வந்துவிட்டது. அகதி முகாமின் பொதுத் தொலைபேசியிலும், பின்னர் சொந்த வீட்டுத் தொலைபேசியிலும், இன்று கையடக்கத் தொலைபேசியிலும் நாம் அரைவாசி பேசி அரைவாசி விழுங்குகின்றோம். மறுமுனையில் உறவினர் இருக்கின்றார். இடையில் யாரோ இருக்கின்றார் என்று நினைக்கின்றோம். அந்த 'யாரோ' யார்? அவர் என்ன செய்கின்றார்? அவரை எது கட்டுப்படுத்துகின்றது? அச்சத்தோடு வாழ்வதைவிட அறிவோடு வாழ்வது மேல் என்பதால், அந்த மனிதரின் தொழிலைப் பற்றி இங்கு எழுத முற்படுகின்றேன்.

பொலிஸ் துறைகளில் அவருக்கு இலத்திரனியல் கண்காணிப்புத் தொழில்நுட்பவியலாளர் என்று பெயர். அவர் குற்றத்தைத் துப்புத் துலக்குபவர் அல்லர்; அனுமதி வழங்கும் நீதிபதியும் அல்லர். கம்பியையும் ஒலிவாங்கியையும் பதிவுக் கருவியையும் அறிந்தவர். புலனாய்வாளர் கேட்க விரும்புவதைக் கேட்கச் செய்வதும், பதிவானது நீதிமன்றத்தில் சான்றாக நிற்கும்படி பேணுவதும் அவருடைய வேலை. இத்தொழிலின் வரலாறு ஐக்கிய அமெரிக்காவின் நீதிமன்ற ஏடுகளிலேயே மிக விரிவாகப் பதிவாகியுள்ளது. எனவே அங்கிருந்தே தொடங்குவோம்.

கம்பியில் கொளுவிய காது

மதுவிலக்கு நடைமுறையிலிருந்த 1920களில், சியாட்டில் நகரில் றோய் ஓம்ஸ்ரெட் என்பவர் பெரும் சாராயக் கடத்தல் நிறுவனம் ஒன்றை நடத்தினார். அவர் அந்நகரின் முன்னாள் பொலிஸ் லெப்டினன்ட். மதுவிலக்கு அதிகாரிகள் நால்வர் அவருடைய அலுவலகத்துக்குள்ளோ வீட்டுக்குள்ளோ காலடி வைக்கவில்லை. அலுவலகம் அமைந்திருந்த பெருங் கட்டடத்தின் நிலவறையிலும், வீடுகளுக்கு அருகே தெருவிலும் ஓடிய தொலைபேசிக் கம்பிகளில் தமது கம்பியைக் கொளுவிக்கொண்டு பல மாதங்கள் கேட்டனர். காதில் விழுந்ததைக் குறிப்பெடுத்தனர். அக்குறிப்புகள் தட்டச்சில் 775 பக்கங்கள் வந்தன.

1928இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில், இதில் அரசியலமைப்பு மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தது. வீட்டுக்குள் யாரும் நுழையவில்லை. பொருள் எதையும் கைப்பற்றவில்லை. ஆகவே இது சோதனையிடலும் அன்று, கைப்பற்றலும் அன்று என்பது பெரும்பான்மையின் தர்க்கம். மாறுபட்ட நீதியரசர் லூயிஸ் பிராண்டைஸ் வேறொன்றைக் கண்டார். ஒருவரின் தொலைபேசியை ஒட்டுக்கேட்கும்போது, அவரை அழைக்கும் அனைவரும், அவரால் அழைக்கப்படும் அனைவரும் ஒட்டுக்கேட்கப்படுகின்றனர் என்று அவர் எச்சரித்தார். தனித்து விடப்படும் உரிமையே நாகரிக மனிதன் மிகவும் மதிக்கும் உரிமை என்பது அவருடைய வாதம். அவருடைய கருத்து வெல்வதற்கு 39 ஆண்டுகள் பிடித்தன.

இந்த இடைக்காலத்தில் தொழில்நுட்பவியலாளரின் கைக்கு உறுதியான விலங்கு இருக்கவில்லை. அதன் விளைவை உலகம் பின்னரே அறிந்தது. 1963 ஒக்டோபரில் சட்டமா அதிபர் றொபேட் கென்னடியின் அனுமதியுடன் மார்ட்டின் லூதர் கிங்கின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. 1964இல் அவர் தங்கிய ஹோட்டல் அறைகளில் எப்.பி.ஐ. ஒலிவாங்கிகளை மறைத்து வைத்தது. அவ்வாண்டின் இறுதியில், அவரை அவமானப்படுத்தும் பெயரற்ற கடிதம் ஒன்றும் ஒலிப்பதிவும் அவருக்கு அனுப்பப்பட்டன. ஒலிவாங்கியைப் பொருத்தியவர்கள் தமது வேலையைத் திறமையாகவே செய்திருப்பார்கள். திறமை மட்டும் இருந்து கட்டுப்பாடு இல்லாதபோது என்ன நடக்கும் என்பதற்கு அது நிரந்தரச் சாட்சி.

தொலைபேசிக் கூண்டின் மேற்கூரை

1965இல் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சார்ள்ஸ் கட்ஸ் என்பவர் பொதுத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பொஸ்டனுக்கும் மியாமிக்கும் பந்தயத் தகவல்களைச் சொல்லி வந்தார். எப்.பி.ஐ. அதிகாரிகள் கூண்டின் வெளிப்புறத்தில் ஒலிவாங்கியைப் பொருத்தினர். அதிலும் ஒரு நேர்மை இருந்தது. அவர் பேசும்போது மட்டுமே பதிவு செய்தனர். ஒரேயொரு தடவை வேறொருவருடைய பேச்சு தற்செயலாக அகப்பட்டபோது அதனைக் கேட்காமல் விட்டனர்.

1967 டிசம்பரில் உயர் நீதிமன்றம் கட்ஸுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பு பாதுகாப்பது இடத்தையன்று, மனிதரை. கூண்டின் கதவைச் சாத்திக்கொண்டு காசு போட்டுப் பேசுபவர், தமது பேச்சை உலகத்துக்கு ஒலிபரப்பவில்லை என்று நம்ப உரித்துடையவர் என்றது நீதிமன்றம். அதிகாரிகள் அடக்கத்தோடுதான் நடந்துகொண்டனர் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. ஆனால் அந்த அடக்கம் அவர்கள் தாமாக வகுத்துக்கொண்டதேயன்றி, நீதிபதி ஒருவர் விதித்ததன்று. ஆகவே அது போதாது என்றது. இத்தொழிலைப் பற்றி எழுதப்பட்ட நூற்றுக்கணக்கான பக்கங்களில் இதைவிடக் கூர்மையான கருத்தை நான் கண்டதில்லை. நல்லவர் கையில் கருவி இருப்பது பாதுகாப்பன்று. அந்தக் கைக்கு மேலே இன்னொரு கண் இருக்க வேண்டும்.

கேட்பதைவிடக் கடினமானது

அடுத்த ஆண்டே, 1968இல், அமெரிக்கக் காங்கிரஸ் ஒட்டுக்கேட்டலுக்கான சட்டத்தை இயற்றியது. அமெரிக்கத் தொழில்நுட்பவியலாளரின் நாளாந்த வேலையை வகுத்தது அச்சட்டமே. நீதிபதியின் கட்டளை முதலில் வரவேண்டும். சாதாரணப் புலனாய்வு முறைகள் பயனளிக்கவில்லை, அல்லது பயனளிக்க மாட்டா என்று காட்டப்பட வேண்டும். கட்டளையின் ஆயுள் அதிகபட்சம் 30 நாட்கள். நீடிக்க விரும்பினால் மீண்டும் நீதிபதியிடமே செல்ல வேண்டும். காலம் முடிந்தவுடன் மூலப் பதிவுகள் நீதிபதியிடம் ஒப்படைக்கப்பட்டு, அவருடைய பணிப்பின்படி முத்திரையிடப்பட வேண்டும். தாமதமானால் அதற்குத் தக்க விளக்கம் அளிக்க வேண்டும். அளிக்காவிட்டால் பதிவு சான்றாக ஏற்கப்படாமல் போகலாம். ஒட்டுக்கேட்பு முடிந்து 90 நாட்களுக்குள், கட்டளையில் பெயர் குறிக்கப்பட்டவருக்கு அறிவித்தல் அனுப்பப்பட வேண்டும். தக்க காரணம் காட்டினால் நீதிபதி அதனைப் பிற்போடலாம்.

இவற்றுள் மிகக் கடினமானது வேறொரு விதி. குற்றத்தோடு தொடர்பற்ற பேச்சை இயன்றளவு கேளாது விடவேண்டும் என்பதே அது. ஓர் அறையைக் கற்பனை செய்யுங்கள். மேசையில் பதிவுக் கருவிகள், காதில் ஒலிகேட்பான், கையருகே ஓர் ஆளி. அழைப்பு வருகின்றது. சந்தேக நபரின் மனைவி தன் தமக்கையோடு பேசுகின்றார். ஓரிரு நிமிடங்கள் கேட்டு, விடயம் வேறென்று கண்டதும் ஆளியை அணைக்க வேண்டும். பதிவும் நிற்கும், கேட்டலும் நிற்கும். சிறிது நேரத்தின் பின் மீண்டும் திறந்து, பேச்சு திசைமாறிவிட்டதா என்று பார்க்கலாம். மற்றவர் வீட்டு அழுகையும் சண்டையும் காதில் விழும்போது, ஆர்வத்தை அடக்கி ஆளியைத் திருப்புவது இயந்திர வேலையன்று. அது மனக் கட்டுப்பாடு.

அக்கட்டுப்பாடு எப்போதும் கடைப்பிடிக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. 1970இல் வாஷிங்டன் நகரில் நடந்த போதைவஸ்துப் புலனாய்வு ஒன்றில், ஒரு மாத காலம் ஏறத்தாழ எல்லா அழைப்புகளும் கேட்கப்பட்டன. அவற்றில் 40 வீதமே போதைவஸ்து தொடர்பானவை. ஆயினும் 1978இல் உயர் நீதிமன்றம், சூழ்நிலையை நோக்கின் அதிகாரிகளின் செயல் நியாயமற்றதன்று என்று தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்துக்கும் அறையின் நடப்புக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருக்கலாம் என்பதை இவ்வழக்கு உணர்த்துகின்றது.

நள்ளிரவு வேலை

தொலைபேசியை மட்டுமன்றி அறையையும் கேட்க வேண்டுமானால் ஒலிவாங்கியை உள்ளே வைக்க வேண்டும். அதற்கு உள்ளே செல்ல வேண்டும். 1973 ஏப்ரல் 5ஆம் திகதி நள்ளிரவில் எப்.பி.ஐ. அதிகாரிகள் நியூ ஜேர்சியில் லோறன்ஸ் டாலியா என்பவரின் அலுவலகத்துக்குள் இரகசியமாக நுழைந்து, மூன்று மணி நேரம் செலவிட்டு, கூரைத் தட்டில் ஒலிவாங்கியைப் பொருத்தினர். கட்டளையின் காலம் முடிந்த பின்னர் மீண்டும் நுழைந்து அதனைக் கழற்றினர். உள்ளே கேட்க நீதிபதி அனுமதித்தால், உள்ளே நுழையவும் அனுமதித்ததாகவே கொள்ளலாம் என்று 1979இல் உயர் நீதிமன்றம் கூறியது.

பூட்டு, தச்சு, மின்சாரம் ஆகிய மூன்று தொழில்களையும் ஓரளவு கற்றவரே இவ்வேலையைச் செய்ய முடியும். தூசி படிந்த தட்டைக் கழற்றினால் தூசி கலைந்த அடையாளம் தெரியக்கூடாது. துளையிட்டால் விழும் சுண்ணாம்புத் தூளைக் கூட்டி அள்ள வேண்டும். மின்கலத்தின் ஆயுளைக் கணக்கிட வேண்டும். அது இடையில் தீர்ந்தால் மறுபடியும் உள்ளே செல்வது முதன்முறையைவிட ஆபத்தானது. 1972 ஜூனில் வாஷிங்டனின் வோட்டர்கேட் கட்டடத்தில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் மறுமுறை புகுந்தவர்கள் அகப்பட்டதை நினைவுகூருங்கள். முதன்முறை பொருத்திய கருவிகளுள் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. அது சட்டத்தின் பெயரால் நடந்த வேலையன்று. ஆனால் கையாளப்பட்ட தொழில் இதுவே. பழுதான ஒரு கருவி ஈற்றில் ஒரு ஜனாதிபதியின் பதவியையே பறித்தது.

ஓர் அகதிச் சிறுவனின் கருவி

இத்தொழிலில் நீண்ட காலம் புகழ்பெற்றிருந்த பதிவுக் கருவி 'நாக்ரா'. சட்டைக்குள் மறைத்து அணியக்கூடிய அதன் சிறு வடிவத்தை உளவாளிகளும் பொலிஸாரும் உலகெங்கும் பயன்படுத்தினர். அதனை உருவாக்கிய ஸ்ரெபான் குடெல்ஸ்கி, 1929இல் போலந்தின் வார்சோ நகரில் பிறந்தவர். 1939இல் ஜேர்மன் படையெடுப்பினால் அவருடைய குடும்பம் நாட்டைவிட்டு ஓடி, ஹங்கேரி, பிரான்ஸ் வழியாக இறுதியில் சுவிற்சர்லாந்தை அடைந்தது. அங்கு மாணவராக இருந்தபோது தொடங்கிய முயற்சியின் பயனாக 1951இல் முதல் நாக்ரா பிறந்தது. போலந்து மொழியில் அச்சொல்லுக்கு 'பதிவு செய்யும்' என்று பொருள். திரைப்படக் கலைஞர்களும் வானொலிச் செய்தியாளர்களும் அதனைப் போற்றினர், ஒற்றர்களும் விரும்பினர். அகதி ஒருவர் தாய்மொழியில் பெயரிட்ட கருவி, கேட்பவருக்கும் பயன்பட்டது; கேட்கப்பட்டவருக்குச் சாட்சியாகவும் ஆனது.

கம்பத்திலிருந்து கணனிக்கு

கம்பிக் காலத்தில் தொழில்நுட்பவியலாளர் கம்பத்திலோ இணைப்புப் பெட்டியிலோ உரிய சோடிக் கம்பியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 1980களிலும் 1990களிலும் தொலைபேசி நிலையங்கள் இலக்க முறைக்கு மாறியபோது அவ்வேலை மறையத் தொடங்கியது. 1994இல் அமெரிக்கா இயற்றிய சட்டம், நீதிமன்றக் கட்டளை வரும்போது ஒட்டுக்கேட்க இயலும் வகையிலேயே தொலைபேசி நிறுவனங்கள் தமது கருவிகளை அமைத்திருக்க வேண்டும் என்றது. பழைய கருவிகளை மாற்றும் செலவுக்காக 50 கோடி டொலர் வரை ஒதுக்க அச்சட்டம் இடமளித்தது. அன்றுமுதல் காது, கம்பத்தில் கொளுவப்படவில்லை. நிலையத்துக்குள்ளேயே பிறப்பிலிருந்து பொருத்தப்பட்டது.

ஆகவே, நாம் அஞ்சிய அந்த 'டிக்' ஓசைக்கு இன்று பொருளில்லை. கம்பிக் காலத்திலேயே திறமையாகப் பொருத்திய கருவி ஓசை எழுப்பாது. இன்று நிலையத்தில் பேச்சின் பிரதியொன்று வேறு திசைக்கு அனுப்பப்படுகின்றது. அதில் ஓசைக்கு இடமேயில்லை. ஓசை கேட்டால் ஒட்டுக்கேட்கின்றார்கள் என்பதும் இல்லை. கேட்காவிட்டால் கேட்கவில்லை என்பதும் இல்லை.

ஆனால் நிலையத்துக்குள் ஒரு காதைப் பொருத்திவைத்தால், அதனை வேறொருவரும் பயன்படுத்தலாம். கிரேக்க நாடு இதனைக் கசப்போடு கற்றது. 2004ஆம் ஆண்டு முதல் 2005 மார்ச் வரை, பிரதமர் கொஸ்ராஸ் கரமன்லிஸ், அமைச்சர்கள் உட்பட 100க்கும் மேற்பட்டோரின் கையடக்கத் தொலைபேசிகள் இரகசியமாக ஒட்டுக்கேட்கப்பட்டன. வொடபோன் நிறுவனத்தின் எரிக்சன் நிலையங்களில் சட்டபூர்வ ஒட்டுக்கேட்டலுக்கென இருந்த மென்பொருளை, ஊடுருவியவர்கள் தமக்காக இயக்கிக்கொண்டனர். பேச்சின் பிரதிகள் முற்பணம் செலுத்திய 14 தொலைபேசிகளுக்குச் சென்றன. குறுஞ்செய்திகள் சில உரியவரைச் சென்றடையாததை ஆராயப் போனபோதே அந்த அந்நிய நிரல் கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டுபிடித்ததும் நிறுவனம் அதனை உடனே நீக்கியது. அதனால் கேட்டவர்கள் எச்சரிக்கையடைந்தனர். அவர்களைத் தேடும் வழியும் அடைபட்டது. மறுநாள், 2005 மார்ச் 9ஆம் திகதி, அந்நிறுவனத்தின் வலையமைப்புப் பொறியியலாளர் கொஸ்ராஸ் சலிகிடிஸ் தமது வீட்டில் தூக்கில் தொங்கிய நிலையில் காணப்பட்டார். அரச விசாரணை தற்கொலை என்றது, குடும்பத்தினர் ஏற்கவில்லை. அம்மரணத்தைப் பற்றிய விசாரணை போதியதன்று என்று 2017இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் கிரேக்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

20 ஆண்டுகள் கழித்து, 2024இல், அமெரிக்கத் தொலைபேசி நிறுவனங்களுக்குள் சீன ஊடுருவிகள் புகுந்துவிட்டதாக அந்நாட்டு அதிகாரிகள் அறிவித்தனர். நீதிமன்றக் கட்டளைகளின்படி சட்ட அமுலாக்கத் துறையினர் கேட்டிருந்த தகவல்களும் அவர்கள் கைக்குச் சென்றிருந்தன. திருடனைப் பிடிக்கத் திறந்த சாளரத்தால் திருடனே நுழைந்த கதை இது.

பதினோராம் நாள்

பேச்சை விட்டு நடமாட்டத்துக்கு வருவோம். 2005இல் வாஷிங்டனின் இரவு விடுதி உரிமையாளர் ஒருவரின் மனைவி பெயரிலிருந்த ஜீப் வண்டியில், செய்மதி மூலம் இடமறியும் கருவியைப் பொருத்த நீதிபதி அனுமதித்தார். 10 நாட்களுக்குள், கொலம்பியா மாவட்ட எல்லைக்குள் பொருத்த வேண்டும் என்பது நிபந்தனை. அதிகாரிகள் பொருத்தியதோ 11ஆம் நாள். இடமோ மேரிலாண்ட் மாநிலம். இடையில் ஒருமுறை மின்கலத்தையும் மாற்றினர். 28 நாட்களில் 2,000 பக்கங்களுக்கு மேற்பட்ட தரவு திரண்டது. 2012 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்களும் ஒருமுகமாக, இவ்வாறு கருவி பொருத்திக் கண்காணித்ததும் ஒரு சோதனையிடலே என்றனர். ஒரு நாள் தாமதம், ஓர் எல்லைக் கோடு: கையிலிருந்த அனுமதி செல்லாததாயிற்று. நாட்காட்டியைப் பார்க்காத திறமை, திறமையாகாது.

நாம் வாழும் நாடுகளில்

ஐரோப்பாவில் வாழும் வாசகர்கள் 'இதெல்லாம் அமெரிக்கக் கதை' என்று எண்ண வேண்டாம். 1978இல் ஜேர்மனியருக்குச் சாதகமற்றதாக முடிந்த கிளாஸ் வழக்கிலேகூட ஸ்ராஸ்பேர்க் நீதிமன்றம் முக்கியமான ஒன்றைச் சொன்னது: இரகசியக் கண்காணிப்புச் சட்டம் ஒன்று இருப்பதே ஒருவரின் தனிவாழ்வைப் பாதிக்கக்கூடும், தாம் உண்மையில் ஒட்டுக்கேட்கப்பட்டதை நிரூபிக்காமலே அவர் முறையிடலாம். 1984இல் பிரித்தானியாவில் ஜேம்ஸ் மலோன் என்ற பழம்பொருள் வணிகரின் வழக்கில், ஒட்டுக்கேட்டலுக்குத் தெளிவான சட்ட அடிப்படை இல்லை என்று அதே நீதிமன்றம் கண்டது. அடுத்த ஆண்டே பிரித்தானியா சட்டம் இயற்றியது. 1990இல் பிரான்ஸ் இதே குறைக்காகத் தோற்றது. 1991இல் சட்டம் வந்தது.

ஜேர்மனியில் 1998இல் வீடுகளுக்குள் ஒலிவாங்கி வைக்க அரசியலமைப்புத் திருத்தப்பட்டது. அத்திட்டத்தை எதிர்த்து நீதி அமைச்சர் சபீன லொய்ற்ஹொய்சர் ஷ்னாரன்பேர்கர் 1996இலேயே பதவி விலகியிருந்தார். பின்னர் வழக்குத் தொடர்ந்தவர்களுள் அவரும் ஒருவர். 2004 மார்ச் 3ஆம் திகதி அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், மனித வாழ்வின் மிக அந்தரங்கமான உட்பகுதிக்குள் அரசு நுழையவே கூடாது என்றது. அப்படிப்பட்ட பேச்சு தொடங்கியதும் கேட்பதை நிறுத்த வேண்டும், பதிவானதை அழிக்க வேண்டும், எதற்கும் பயன்படுத்தலாகாது.

இங்கு கவனிக்க வேண்டியது ஒரு சொல். ஐரோப்பிய மனித உரிமைகள் சாசனம் தனிவாழ்வுரிமையை 'குடிமக்களுக்கு' வழங்கவில்லை, 'ஒவ்வொருவருக்கும்' வழங்கியுள்ளது. அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டவரும் அந்த 'ஒவ்வொருவருள்' அடங்குவார்.

நம் மொழியும் அவர் காதும்

இனி, நம்மை நேரடியாகத் தொடும் விடயம். அமெரிக்கச் சட்டம் 1986இல் திருத்தப்பட்டபோது ஓர் விதி சேர்க்கப்பட்டது. பேச்சு அந்நிய மொழியிலோ மறைமொழியிலோ இருந்து, அதனை அறிந்தவர் அவ்வேளை கிடைக்காவிட்டால், முழுவதையும் பதிவு செய்து, தேவையற்றதைப் பின்னர் நீக்கலாம் என்பதே அது. அதாவது, ஆங்கிலம் பேசுபவருக்காக ஆளியைத் திருப்பும் அந்தக் கை, புரியாத மொழி பேசுபவருக்காகத் திருப்ப இயலாது. முழுவதும் பதிவாகும், மொழிபெயர்ப்பாளர் பின்னர் கேட்பார்.

இங்கேதான் நமது பழைய பழக்கம் நமக்கே பகையாகக்கூடும். "சாமான் வந்திட்டுதோ?" என்று ஒருவர் கேட்கின்றார். அது தாயார் அனுப்பிய மிளகாய்த்தூள் பொதியாக இருக்கலாம். "பெடியளிட்டைக் குடுத்துவிடு" என்கின்றார். 'பெடியள்' என்பது அக்காவின் பிள்ளைகளாக இருக்கலாம். ஆனால் அச்சொல் எழுபதுகளின் பின்னர் நம் மண்ணில் வேறு பொருளையும் பெற்றது என்பதை மொழிபெயர்ப்பாளர் அறிந்திருப்பார். "மிச்சத்தை நேரில கதைப்பம்" என்பது மூன்றாவது வசனம். இம்மூன்றையும் ஒரு தாளில் தட்டச்சிட்டு அடுத்தடுத்து வைத்தால், யாழ்ப்பாணத்துப் பாசம் தெரியாது, சதி தெரியும். அச்சத்தினால் நாம் கற்ற மறைமொழி, அச்சமற்ற நாட்டின் கோப்பில் குற்றத்தின் மொழியாக வாசிக்கப்படும் ஆபத்து உண்டு. சென்னைத் தமிழ் மட்டும் அறிந்த மொழிபெயர்ப்பாளர் கையில் அது அகப்பட்டால் ஆபத்து இரட்டிப்பாகும்.

திருவள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தவர். ஒற்றனை வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஓர் ஒற்றன் தந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றார். ஈராயிரம் ஆண்டுப் பழைமை கொண்டதாகக் கருதப்படும் அவ்வறிவுரை, இன்றைய ஒலிப்பதிவுக்கும் பொருந்தும். யாரேனும் இத்தகைய பதிவொன்றின் அடிப்படையில் விசாரிக்கப்பட்டால், தாளிலுள்ள மொழிபெயர்ப்பை மட்டும் ஏற்றுக்கொள்ள வேண்டாம். மூல ஒலிப்பதிவைக் கேட்பதற்கு வழியுண்டா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். ஈழத்துப் பேச்சுவழக்கு அறிந்த இன்னொரு மொழிபெயர்ப்பாளர் அதனைக் கேட்க வேண்டும் என்று வற்புறுத்துங்கள். அனுமதியின் திகதியும் எல்லையும் காலமும் ஆராயப்பட வேண்டும். ஒட்டுக்கேட்கப்பட்டதாக அறிவிக்கும் கடிதம் உத்தியோகபூர்வமாக வந்தால், அதனைக் கிழித்தெறியாமல் பத்திரப்படுத்துங்கள். முறையிடுவதற்கான கால எல்லை அதிலிருந்தே தொடங்கக்கூடும்.

அந்த அறையில் ஒலிகேட்பானோடு அமர்ந்திருப்பவர் நம் பகைவர் என்று நான் சொல்ல வரவில்லை. பிள்ளையைக் கடத்தியவனைத் தேடும்போதும், நம் தெருவில் போதைவஸ்து விற்பவனைப் பிடிக்கும்போதும் அவருடைய திறமை நமக்கும் வேண்டியதே. நாம் விட்டுவந்த நாட்டுக்கும் வந்துசேர்ந்த நாட்டுக்கும் உள்ள வேறுபாடு, இங்கு எவரும் கேட்பதில்லை என்பதன்று. கேட்பவர் ஒரு கட்டளையைக் காட்ட வேண்டும். அதற்கு ஒரு திகதி இருக்க வேண்டும். அது முடிந்ததும் பதிவு முத்திரையிடப்பட வேண்டும். அவர் பிழை செய்தால் அதனைச் சொல்ல ஒரு மன்றம் இருக்க வேண்டும் என்பதே. அந்த வேறுபாடு தானாக வந்ததன்று. பந்தயக்காரர், பழம்பொருள் வணிகர், சாராயக் கடத்தற்காரர் போன்றோரின் வழக்குகளால் படிப்படியாக வந்தது. நாம் அதனைப் பயன்படுத்தாவிட்டால் அது தேய்ந்துபோகும்.

இப்போதும் ஞாயிறுதோறும் என் தாயார் அழைக்கின்றார். முழங்கால் வலி, கிணற்றுத் தண்ணீர், அயல்வீட்டுக் கலியாணம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, முடிவில் பழைய வசனத்துக்கு வருவார். சென்ற வாரம் நான் இடைமறித்து, "இல்லை அம்மா, மிச்சத்தையும் இப்பவே சொல்லுங்கோ" என்றேன். மறுமுனையில் நீண்ட மௌனம். 'டிக்' ஓசை எதுவும் கேட்கவில்லை. பிறகு அவர் மெல்லச் சொல்லத் தொடங்கினார்.